லத்தா ஷீட்டில் இருந்த ஓடை

போன மாதம் மா சூ என்ற பெண் என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த ஆபீஸில் இப்போது அவள் வேலை பார்க்கிறாள். பழைய வரைபட ஷீட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டார்களாம். காகிதங்களை என்ன செய்வது என்று இனிமேல்தான் முடிவு செய்வார்களாம். அதற்கு முன்னால் பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும், சயாமா, என்று கேட்டாள். சயாமா என்றால் டீச்சர். எங்கள் ஊரில் கொஞ்சம் வயதாகிவிட்டால் ஆபீஸில் எந்தப் பெண்ணும் சயாமாதான். பர்மியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதில் இருப்பது எல்லாம் உண்மைதான், ஆனால் சொல்லவேண்டியது அதில் இல்லை. அதைத் தமிழில் எழுதுகிறேன். ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஒருவரும் இல்லை என்பது ஒரு காரணம். நான் கோழை என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் செல்வமேரி. ஆபீஸில் டோ மேரி. பர்மியில் மரியாதைக்குப் பெண் பெயர் முன்னால் டோ, ஆண் பெயர் முன்னால் ஊ. அப்பா ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே அழகான கையெழுத்துக்கு அடித்தே பழக்கினார்கள், அந்த அடியால்தான் எனக்கு வேலை கிடைத்தது. நகர அலுவலகத்தின் வரைபட அறையில் ட்ரேசர் வேலை. பழைய ஷீட்டின் மேல் வழவழப்பான ஒரு துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் அப்படியே மேலே எடுக்கவேண்டும். முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கண் வலித்தது, வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயின, கோடு மட்டும் நேராக வந்தது.

எங்கள் தலைவர் ஊ டின் ஷ்வே. ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஷீட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை கை கழுவுவார். வெற்றிலைப் பெட்டியை அறைக்குள் கொண்டுவரமாட்டார், ஜன்னலுக்கு வெளியே உள்ள கட்டையில் வைத்திருப்பார். யாரையும் திட்டியதில்லை. நாம் போட்ட கோடு தப்பாக இருந்தால் பேனாவை எடுத்து நம் கையிலேயே கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பார். தப்பு எங்கே என்று நாமே கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டார். சில நாள் அரைமணி நேரம்கூட நின்றிருக்கிறார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அவர் வைத்த முறை எளிமையானது. இருக்கிற கட்டடத்துக்குக் கறுப்புக் கோடு. இடிந்துபோனதற்குக் கறுப்புப் புள்ளிகள். தண்ணீருக்கு நீலக் கோடு, மண் போட்டு மூடிய தண்ணீருக்கு நீலப் புள்ளிகள். பொது இடத்தை யாராவது ஆக்கிரமித்துக் கட்டியிருந்தால் சிவப்பு. எதையும் நீக்கக்கூடாது. செத்துப்போனவர்கள் பெயரைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து கிழித்தா எறிகிறோம் என்று கேட்பார்.

முடித்த ஷீட்டை அவர் பரிசோதிக்கும் முறையே தனி. துணியில் விழுந்த மையை பிளேடால் சுரண்டினால் அந்த இடத்தில் வழவழப்பு போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைவரை வரிசை வரிசையாகத் தடவுவார். விரல் நின்றால் கண்ணைத் திறந்து, இங்கே என்ன இருந்தது என்று கேட்பார். மை சிந்திவிட்டது என்றால் அடியில் இருக்கும் பழைய ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

ஊர் வளர்வதையும் தேய்வதையும் அந்த அறையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். யுத்தத்தில் குண்டு விழுந்த தெருக்கள் வரிசையாகப் புள்ளிகளாக இருந்தன. பிறகு நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம். ஷீட்டின் ஓரத்தில் எழுதியிருந்த வீட்டுக்காரர்களின் தமிழ்ப் பெயர்கள் தெருத் தெருவாகக் குறுக்குக் கோடு அடிக்கப்பட்டுக் கிடந்தன. என் சித்தப்பா பெயரும் அதில் ஒன்று. அந்த வீடுகள் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்து, ஒழுகி, சரிந்து, கடைசியில் அவையும் புள்ளியாயின. ஆனால் ஓரங்களில் வேறு கதை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லைங் தாயா அப்போது வெறும் வயல், ஷீட்டில் நீலமும் வெள்ளையும்தான். திடீரென்று காகிதம் போதாமல் புதுக் காகிதம் ஒட்டி நீட்டினோம். வாய்க்கால்கள் நேராயின, தொழிற்சாலைகள் பெட்டி பெட்டியாக வந்து உட்கார்ந்தன. நடுவில் காலியாகிற ஊர் ஓரத்தில் பெருத்துக்கொண்டே போனது.

இனி முனியாண்டி. அளவுச் சங்கிலி பிடிப்பவன். என்னைவிட இரண்டு வயது இளையவன், ஊரின் வடக்கே இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வருவான். அவன் அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் இருந்தவர். நாலு பேர் முன்னால் என்னைச் சயாமா என்பான், தனியாக இருந்தால் அக்கா. சங்கிலியைத் தொய்வில்லாமல் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. படிப்பு இல்லை. அதனால் ஷீட்டின் மேல் அவனுக்கு இருந்த மரியாதை சாமி படத்தின் மேல் இருப்பதுபோல.

ஒருமுறை ஊரின் நடுவில் உள்ள லத்தா பேட்டையில், வீடுகளுக்குப் பின்னால் போகும் குறுகலான சந்து ஒன்றை அளக்கப் போனோம். நூடுல்ஸ் விற்கும் ஒரு சீனத்து அம்மாள் தன் சமையலறையைச் சந்துக்குள் மூன்றடி நீட்டிக் கட்டியிருந்தாள். முனியாண்டி சங்கிலி பிடித்தான், நான் ஆபீஸுக்கு வந்து ஷீட்டில் சிவப்புக் கோடு போட்டேன். ஒரு வாரம் கழித்து அவன் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து என் மேஜை பக்கத்தில் நின்றான்.

“அக்கா, நீங்க கோடு போட்டது செவ்வாக்கிழமை. இன்னைக்கு அங்க செவரு இல்ல.”

கடப்பாரையோடு போன ஆட்கள் வேறு, உத்தரவு போட்டவர் வேறு என்று அவனுக்கு நான் விளக்கியிருக்கலாம். எனக்கு அப்போது இளமை, கொஞ்சம் திமிர். நம்ம பேனான்னா சும்மாவா என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகும் எத்தனையோ சிவப்புக் கோடுகள், எத்தனையோ சுவர்கள். ஒவ்வொன்றையும் அவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான் என்பது எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் வெளியே அளக்க முடியாது. சங்கிலி பிடிப்பவர்கள் எங்கள் அறைக்கு வந்து மை கலக்குவார்கள், பிளேடு தீட்டுவார்கள், ஷீட்டுகளை எடுத்து வைப்பார்கள். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் லத்தா ஷீட் நைந்துபோய், புதிதாக எடுக்க எனக்கு வந்தது. ஊ டின் ஷ்வே கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்தப் பழைய ஷீட்டில் ஆற்றை நோக்கிச் சாய்வாக ஒரு நீலப் புள்ளிக்கோடு போனது. நம் தாத்தாக்கள் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே மண் கொட்டி மூடிய ஓர் ஓடை. இந்த ஊரின் நடுப்பகுதி பாதி அப்படித்தான், சதுப்பை மூடி அதன்மேல் நேர்நேராகத் தெரு போட்டார்கள். நானும் புள்ளிகளை விடாமல் எடுத்தேன். பிறகு தெருவின் பெயரை எழுதினேன். மூன்று நாள் உழைப்பு அது. பர்மிய எழுத்து எல்லாம் வட்டம், நான் போட்ட வட்டங்களைப் பார்க்கப் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தார்கள். ஆனால் அந்த ஓடை நான்கு எழுத்துகளின் வயிற்றுக்குள் புகுந்து போனது. தூரத்திலிருந்து பார்த்தால் ஈ மொய்த்த மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

பெயரைக் கொஞ்சம் தள்ளி மறுபடி எழுதியிருக்கலாம். முனியாண்டியிடம் பிளேடு கேட்டேன். கல்லில் தீட்டிக் கொடுத்தான். ஓடையை ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினேன். பாதியில் நிறுத்தினால் அசிங்கம் என்று அந்தத் தெருத் துண்டு முழுவதும் எடுத்துவிட்டேன். சொரசொரப்பு தெரியாமல் இருக்க என் கைப்பையிலிருந்த முகப்பவுடரைப் போட்டுத் தேய்த்தேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அது என்ன கோடுக்கா?”

“பழைய ஓடை. எப்பவோ தூத்துட்டாங்க.”

“இனிமே வேணாமா?”

“வேணாம்” என்றேன்.

ஊ டின் ஷ்வே கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். மூட வேண்டிய அவசியம் இல்லாத கண்ணையும் பழக்கத்தில் மூடிக்கொண்டு விரலால் தடவினார். விரல் அந்தத் தெருவில் நின்றது. என்ன இருந்தது என்று கேட்டார். மை சிந்திவிட்டது, சயா, என்றேன். பழைய ஷீட்டை இழுத்து வைத்துக் குனிந்தார். வெளிறிப்போன நீலப் புள்ளிகளைப் பார்க்கும் நிலையில் அவர் கண் இல்லை. சிறிது நேரம் குனிந்தே இருந்துவிட்டு, நீ சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டார். பழைய ஷீட் ‘ரத்து’ என்ற முத்திரையோடு கிடங்குக்குப் போனது. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார், அதற்கு அடுத்த வருடம் இறந்தும்போனார். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

அந்தப் பொய்யை நான் மறந்துபோனேன் என்றால் நம்புவீர்களா? சத்தியமாக மறந்தேன். எத்தனையோ ஷீட்டுகள் வந்து போயின. லத்தா ஷீட் என்றால் என் வட்ட எழுத்து மட்டும்தான் நினைவுக்கு வரும்.

இருபது வருடம் ஓடியது. ஊர் மேலே வளர ஆரம்பித்தது. இரண்டு மாடி மரவீடுகளைப் பிரித்துப்போட்டு அதே குறுகிய மனையில் எட்டு மாடி எழுப்பினார்கள். அப்போது முனியாண்டி இன்சீனில் அப்பா விட்டுப்போன மனையை விற்று, லத்தாவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் கீழ்த்தளம் வாங்கப் போவதாகச் சொன்னான். அவன் மனைவி லட்சுமி தையல் தெரிந்தவள், தெருவைப் பார்த்து மிஷின் போட்டு உட்காரலாம் என்பது அவர்கள் கணக்கு. எதுக்கும் ஷீட்டப் பாத்துச் சொல்லுங்கக்கா, அங்க ஒண்ணும் இல்லையே என்று கேட்டான். ஷீட்டை இழுத்துப் பிரித்தேன். என் எழுத்து அப்படியே இருந்தது. சுற்றிலும் சுத்தமான வெள்ளை.

“ஒண்ணுமே இல்ல. கெட்டி மண்ணு. தைரியமா வாங்கு.”

வாங்கினான். புதுமனைக்கு என்னையும் கூப்பிட்டான். பால் காய்ச்சியது நான்தான். லட்சுமி எனக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஹாலந்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பழைய ஊர்கள் எப்படிப் பெருத்தன, எப்படிச் சுருங்கின என்று ஆராய்கிறவர். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், எனக்குப் பிடித்துப்போயிற்று. தன் நாட்டு வரைபடங்களின் நகல்களை எங்கள் மேஜையில் விரித்தார். ஒரு துறைமுக ஊர். வியாபாரம் கொழித்த காலத்தில் இன்னும் ஜனம் வரும் என்று நம்பி மதிலைத் தள்ளிக் கட்டினார்கள், புதுக் கால்வாய் வெட்டினார்கள். அடுத்தடுத்த படத்தில் வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. ஜனம் போய்விட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளை உடையவர்களே இடித்துச் செங்கல்லை விற்றார்களாம், அனுமதி இல்லாமல் இடிக்கக்கூடாது என்று ஊர் சட்டம் போடவேண்டி வந்ததாம். கடைசிப் படத்தில் மதில் மட்டும் அதே அளவு, உள்ளே பாதிக்குமேல் புல்வெளி. மாடு மேய்ந்தது என்றார். எனக்கு என் சித்தப்பாவின் தெரு ஞாபகம் வந்தது.

கால்வாய்களைப் பற்றியும் சொன்னார். நாற்றம் தாங்காமலும் வண்டி போக இடம் இல்லாமலும் பல கால்வாய்களை மூடித் தெருவாக்கினார்களாம். அங்கே வீடுகள் மரக்கம்பங்களின் மேல் நிற்பவை. நிலத்தடித் தண்ணீர் ஏறி இறங்கினால் கம்பம் உளுத்து வீடு சாயும். அதனால் மூடிய கால்வாயைக்கூடப் படத்தில் விட்டுவைக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்டார். இருப்பதில் பழைய ஷீட்டைக் காட்டச் சொன்னார்.

கிடங்கைத் திறந்து, கரையான் அரித்தது போக மிஞ்சியதைக் கொண்டுவந்தார்கள். மேலாக இருந்தது லத்தா. முத்திரை குத்தின அந்தப் பழைய ஷீட். அம்மையார் பூதக்கண்ணாடியால் பார்த்து, இதோ ஓர் ஓடை என்று சந்தோஷமாக விரல் வைத்தார். அந்த விரல் நுனியில் முனியாண்டியின் வீடு இருந்தது. எனக்கு முகப்பவுடர் வாசனை வந்தது. நம்பாவிட்டால் போங்கள், வந்தது.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். என் பென்ஷன் காகிதங்கள் மேலே போயிருந்த நேரம். அந்த மழைக்காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முனியாண்டி அதற்குள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டான், சனிக்கிழமைகளில் டீக்கடையில் சந்திப்போம். வாசல் கதவு நிலையில் சேர மறுக்கிறது, இரண்டு தடவை இழைத்துவிட்டேன் என்றான். கதவு குண்டாயிருச்சுக்கா என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து, டீயைக் குடித்தேன்.

மழை ஓய்கிற சமயத்தில் அவர்கள் கட்டடத்தில் மாடிப்படிப் பக்கத் தூணில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய ஷீட்டின் நகலோடு குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு இன்ஜினியரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். மறுநாளே போய் மொட்டை மாடியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தார். கீழே வரும்போது சுவரை விட்டு ஒரு சாண் விலகி நின்றது. அடியில் ஓடை என்று முன்பே தெரிந்திருந்தால் ஆழக் கம்பம் இறக்காமல் எட்டு மாடிக்கு விட்டிருக்கமாட்டோம் என்று என்னிடம் சொன்னார். புதிய ஷீட்டில் ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. பழையதும் புதியதும் மாறுபடுவது சகஜம் என்று நினைத்திருப்பார்.

மூன்று நாளில் எட்டு மாடி ஜனமும் தெருவில் நின்றது. சாமி படம், அரிசிச் சட்டி, மெத்தை எல்லாம் நடைபாதையில். லட்சுமி தையல் மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிய காண்ட்ராக்டர் அதற்கு முன்பே வேறு தேசம் போய்விட்டார். சிமெண்டில் திருடிவிட்டான் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். முனியாண்டியும் திட்டினான். நானும் சேர்ந்துகொண்டு திட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் இதைத்தான் முதலில் மறக்க விரும்புகிறேன், இது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

கட்டடத்தைப் பிரித்துவிட்டார்கள். அந்த மனை இன்றைக்கும் காலி. மழை பெய்தால் தண்ணீர் கட்டுகிறது, தவளை கத்துகிறது. முனியாண்டி லைங் தாயாவில் ஓர் அறைக்கு வாடகைக்குப் போனான். ஊரும் மறுபடி தேய ஆரம்பித்திருக்கிறது. சிறுசுகள் தாய்லாந்து, மலேசியா என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடு பூட்டு. நடந்து போகும்போது அந்த அம்மையாரின் மதிலும் புல்லும்தான் கண்ணில் படுகிறது.

மா சூவிடம் இரண்டு பக்கத்தைக் கொடுத்த மறுநாள் லைங் தாயாவுக்குப் பஸ் ஏறினேன். தொழிற்சாலை பஸ்கள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை அறை. லட்சுமி தரையில் உட்கார்ந்து, யாரோ தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். மிஷினை எப்போதோ விற்றுவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் எழுந்து டீ வாங்கப் போனாள். முனியாண்டி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். உன் வீடு போனதற்குக் காரணம் சிமெண்ட் இல்லை, நான். அங்கே ஓடை இருந்தது, ஷீட்டிலிருந்து அதைச் சுரண்டினது நான்தான் என்றேன்.

அவன் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னான்.

“சொரண்டுனது தெரியும்க்கா. பிளேடு தீட்டிக் கொடுத்தது நான்தான.”

தெரிந்துமா அங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

“நீங்க செவப்புக் கோடு போட்டா செவரு போயிரும். நான் போயிப் போயிப் பாத்திருக்கேன். அந்த நீலக் கோட்டையும் வேணாம்னு எடுத்தீங்க. தண்ணி போயிருச்சுன்னுதான் நெனச்சேன்.”

அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

“அப்ப அது போகவே இல்லையாக்கா?”

“இல்ல முனியாண்டி” என்றேன். லட்சுமி டீயோடு வாசலில் நின்றிருந்தாள்.